மண்டபம் ரோட்டோர இலங்கைக் கடை: இடியப்பம், சொதி, கூடவே ஒரு வாய்ச்சண்டை

கரும்பலகையில் சாக்பீஸால் ‘இடியப்பம்’ என்று எழுதியிருந்தது. யாரோ துணைக்கால் போட மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அதற்கு அடுத்த வரியில் ‘றொட்டி’. ஒரே பலகையில் இரண்டு பிழையா என்று சிரித்துக்கொண்டே பைக்கை நிறுத்தினேன். உள்ளே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, அந்தப் பக்கத்துத் தமிழில் அதெல்லாம் அப்படித்தான் என்று. கடலுக்கு அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன்.

நான் தங்கச்சிமடத்துக்காரன். பாம்பனில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வாரத்தில் இரண்டு நாள் வசூலுக்கு மண்டபம் போவேன். போகிற நாளெல்லாம் காலைச் சாப்பாடு இந்தக் கடையில்தான். ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. அதனால் இது ஒருநாள் சாப்பிட்டுவிட்டு எழுதுகிற விமர்சனம் இல்லை.

கடைக்குப் பெயர் கிடையாது. தகரக் கூரை, நாலு பெஞ்சு, ஒரு டிரம் தண்ணீர், வெளியே வேப்ப மரம். ‘இலங்கைக்காரக்கா கடை’ என்றால் ஆட்டோக்காரர்கள் காட்டிவிடுவார்கள். அக்கா ஒருவர் இல்லை, இரண்டு பேர், கூடப்பிறந்தவர்கள். வருகிறவர்கள் எல்லாருக்கும் அவர்கள் பெரியக்கா, சின்னக்கா. பெரியக்கா அடுப்பு, சின்னக்கா கல்லா.

முதலில் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஆறு இடியப்பம், சொதி, சம்பல் எல்லாம் சேர்த்து 50 ரூபாய். சொதி இரண்டாம் தடவைக்குக் காசு இல்லை. மீன்குழம்பு தனியாக 60. பிளேன்டீ 10. நம் பக்கம் இடியாப்பம் என்றால் தேங்காய்ப்பால், சீனி. கீழக்கரைப் பக்கம் போனால் கறியோடு தருவார்கள். இவர்களுடையது சிவப்பரிசி மாவில் பிழிந்தது. கையகலம்தான் இருக்கும், உதிர்த்தால் உதிரும், ஒட்டிப்பிடிக்காது.

சொதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொதி என்றால் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்து, காய்கறி எல்லாம் போட்டுக் கெட்டியாக வரும். இது அந்த ஜாதி இல்லை. வெளிர்மஞ்சளாக, தண்ணியாக, பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். பெரியக்கா தேங்காய்ப்பூவை மூன்று தடவை பிழிகிறார். இரண்டாம், மூன்றாம் பாலில் சின்ன வெங்காயம், கீறின பச்சை மிளகாய், கறிவேப்பிலை, வெந்தயம், ஒரு சிட்டிகை மஞ்சள் எல்லாம் வேகும். முதல் பாலை ஊற்றிவிட்டால் அப்புறம் யார் கூப்பிட்டாலும் அடுப்படியை விட்டு நகர மாட்டார். சட்டியின் ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கி, நடுவில் இன்னும் கொதி வராத அந்த நேரத்தில் துணியைப் பிடித்துச் சட்டியை இறக்கிவிடுவார். கொதித்தால் பால் திரிந்துபோகும். இறக்கிச் சூடு தணிந்த பிறகுதான் எலுமிச்சம்பழம். அதை அவர் தேசிக்காய் என்கிறார். ஒருநாள் அவருக்குக் காய்ச்சல் என்று சின்னக்கா சொதி வைத்தார். அன்றைக்கு நான் ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டேன்.

சம்பலில் மாசி போடுகிறார்கள், தூத்துக்குடியிலிருந்து வருகிறது. மிளகாய் நம் ஊர் முண்டு மிளகாய். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய அதேதான். அதைப் பற்றி பெரியக்காவின் தீர்ப்பு: “உருண்டு திரண்டு வடிவா இருக்கு. உறைப்புத்தான் காணாது.” ராமநாதபுரத்துக்காரனாக இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

பிளேன்டீயில் இஞ்சி தட்டிப் போட்டு, சர்க்கரை போடாமல் தருவார்கள். பக்கத்தில் ஒரு துண்டு கருப்பட்டி. கடித்துக்கொண்டே குடிக்க வேண்டும். நாம் கருப்பட்டி என்கிறோம், அவர் பனங்கட்டி என்கிறார். சரக்கு என்னவோ சாயல்குடிதான்.

இனி வாய்ச்சண்டை. இந்தக் கடையின் உண்மையான விசேஷம் அதுதான்.

1990இல் சண்டை மூண்டபோது மன்னாரிலிருந்து குடும்பமாக வள்ளத்தில் வந்தவர்கள் இவர்கள். பெரியக்காவுக்கு அப்போது 17 வயது, சின்னக்காவுக்கு 11. இரண்டு பேரும் மண்டபம் முகாமில்தான் வளர்ந்து கல்யாணம் செய்தார்கள். அந்த முகாமே அந்தக் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற கூலி ஜனங்களை நோய் பார்த்து அனுப்புவதற்காக வெள்ளைக்காரன் கட்டிவைத்தது. போகிறவர்களுக்காகக் கட்டினது, வருகிறவர்களுக்கு உதவியது. யுத்தம் முடிந்து, 2011இல் பெரியக்கா புருஷன் பிள்ளைகளோடு மன்னாருக்கே திரும்பிப் போய்விட்டார். சின்னக்கா போகவில்லை. பதினோரு வருடம் கழித்து, 2022 செப்டம்பரில், பெரியக்கா மறுபடியும் ஒரு படகில் வந்து இறங்கினார். ஆக ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் ஒருவர் அந்த நாட்டில் வாழ்ந்து பார்த்தவர், ஒருவர் இந்த நாட்டில் வாழ்ந்து பார்த்தவர். எந்த நாட்டில் வாழ்க்கை நல்லது? இதுதான் தினமும் காலை ஏழரை மணிக்குக் கல்லாவுக்கும் அடுப்புக்கும் நடுவே நடக்கிற வழக்கு.

ஓடிவந்தவர்தான் அந்த நாட்டுக்காகப் பேசுவார். “நாடு நல்ல நாடு தம்பி” என்பார் பெரியக்கா. சின்னக்கா விடமாட்டார்: “நல்ல நாட்டுலேருந்து எதுக்கு ராத்திரில போட்டுல ஏறி வந்த?”

இதில் என்னை வேறு நடுவராக்கிவிட்டார்கள். காரணம், நான் 2024 செப்டம்பரில் மன்னார்த் தீவில் இருக்கிற பேசாலைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தேன். அப்பத்தாவின் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த வீடு அது. அப்பத்தா காலத்தில் தனுஷ்கோடியில் கப்பல் ஏறினால் தலைமன்னார், முப்பது கிலோமீட்டர் சொச்சம். 1914இல் பாம்பன் பாலம் வந்ததிலிருந்து சென்னையில் வாங்கின டிக்கெட்டிலேயே கொழும்பு வரை போகலாம். 1964 புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோன பிறகும் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது, 1980களில் சண்டை வந்து நிற்கும் வரை. நான் எப்படிப் போனேன் தெரியுமா? தங்கச்சிமடத்திலிருந்து நாகப்பட்டினம் வரை பஸ், அங்கே கப்பல், நாலு மணி நேரத்தில் காங்கேசன்துறை, அப்புறம் யாழ்ப்பாணம், அப்புறம் மன்னார் பஸ். தனுஷ்கோடி கடைக்கோடியான அரிச்சல்முனையில் நின்றால் செல்போனில் இலங்கை டவர் வந்து ‘வருக’ என்று மெசேஜ் அனுப்புகிற தூரத்துக்கு, ஒன்றரை நாள்.

போய்ப் பார்த்ததில் மனசில் நின்றது பெரிய விஷயம் எதுவும் இல்லை. யாழ்ப்பாணத்தில் ரோட்டைக் கடக்கலாம் என்று ஓரமாக நின்றேன், மஞ்சள் கோடு போட்டிருந்த இடம். வந்துகொண்டிருந்த வேன் நின்றது. எதற்கு நிற்கிறான், பஞ்சராகிவிட்டதா என்று நான் அவனைப் பார்க்கிறேன். அவன் என்னைப் பார்க்கிறான். பின்னால் இன்னும் இரண்டு வண்டி நின்றது, ஒருத்தரும் ஹாரன் அடிக்கவில்லை. கடைசியில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை “போங்கோ அங்கிள், உங்களுக்குத்தான் நிப்பாட்டியிருக்கினம்” என்றது. 48 வயதில் ஒரு வேன் எனக்காக நின்றது அதுதான் முதல் தடவை. அந்தப் பழக்கத்தில் ஊர் திரும்பி, ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு முன்னால் நம்பிக் காலை எடுத்து வைத்தேன். டவுன் பஸ்காரர் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

இதைச் சொன்னதும் பெரியக்கா அடுப்படியிலிருந்தே “கேட்டியோ!” என்றார்.

நான் கணக்கு எழுதுகிறவன், எண்ணைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஐ.நா. மனித வளர்ச்சி அறிக்கை, 2025இல் வந்தது: இலங்கை 89ஆம் இடம், இந்தியா 130. சராசரி ஆயுள் அங்கே 77 வயது, இங்கே 72. திவாலான நாடு என்று நாம் பரிதாபப்படுகிற நாட்டின் நிலவரம் அது. 1945இலிருந்து பள்ளிக்கூடம் தொடங்கிப் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசம், அரசாங்க ஆஸ்பத்திரியும் அப்படியே. பேசாலையில் பாட்டி வீட்டில் ‘கிளினிக் கொப்பி’ என்று ஒரு நோட்டு காட்டினார்கள். சுகர், பிரஷர் எல்லாம் தேதி வாரியாக எழுதியிருந்தது. மாதாமாதம் கொப்பியைக் கொண்டுபோனால் பார்த்து மாத்திரை தருகிறார்கள், ஒரு காசும் வாங்குவதில்லை. எனக்கு உடனே என் மாமியாரின் நெஞ்சுவலி ஞாபகம் வந்தது. ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம், நாலு நாளில் இரண்டு லட்சத்துக்குப் பில் போட்டு, டிஸ்சார்ஜ் அன்றைக்கு வாசலில் கையுறைக்கும் தனியாகக் கணக்குச் சொன்னது.

ஆனால் இதில் ஒரு திருத்தம் உண்டு. அது சின்னக்கா போட்ட திருத்தம், நியாயமானது. இந்தியா என்று மொத்தமாகப் பேசினால் ஒரு கணக்கு, தமிழ்நாடு என்று பேசினால் வேறு கணக்கு. 2021இலிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ராமநாதபுரத்திலேயே 2022இல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் காலைச் சாப்பாடு. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் காசில்லை. பெரியக்காவுக்கு இந்த நாட்டில் ரொம்பப் பிடித்த விஷயமும் இதுதான். மண்டபத்திலிருந்து கிளம்பி, வேலை எதுவும் இல்லாமல் சும்மா ஒரு சுற்றுப் போய் வருவாராம். “சீட்டுக் கிழிச்சுக் கையில தாறான், அதில பூச்சியம் எண்டு கிடக்கு” என்று அந்த டிக்கெட்டை நாலாக மடித்து பர்ஸில் வைத்திருக்கிறார்.

2022ஐப் பற்றிக் கேட்டால் பெரியக்கா பட்டியலை ஒப்பிப்பார். 400 கிராம் பால்மா, அதாவது பால் பவுடர், இலங்கைக் காசில் 790 ரூபாய். ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. பாண் என்கிற பிரெட் வாங்கப் போனால் பாண் இருக்காது, பாண் இருந்தால் விலை கேட்டுவிட்டுத் திரும்பவேண்டும். ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கமே கையை விரித்தது, ஜூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டே போனார். அதெல்லாம் டிவியில் நாமும் பார்த்ததுதான். இவர்கள் வீட்டை முறித்தது மண்ணெண்ணெய். மன்னார்ப் பக்கம் சின்னப் படகுகளின் வெளியிணைப்பு இன்ஜின் மண்ணெண்ணெயில் ஓடுவது. லிட்டர் 87 ரூபாயாக இருந்தது, ஆகஸ்டில் ஒரே ராத்திரியில் 340 ஆனது. “கடலுக்குப் போனால் நட்டம், போகாட்டில் பட்டினி. பிறகென்ன செய்யிறது?” அடுத்த மாதம் இந்தக் கரை.

இந்த இடத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டு இடியப்பத்தைப் பிய்ப்பேன். ஏனென்றால் அவர் வீட்டுக்காரரின் வலை அதற்கு முன்பே இரண்டு தடவை அறுந்துபோனது. அறுத்தது இழுவைமடி இழுக்கிற போட்டு, விசைப்படகு. நம் போட்டு. அந்த மடி கடலின் அடியைச் சுரண்டிக்கொண்டு போகும், வழியில் கிடக்கிற வலையைப் பார்த்து ஒதுங்காது. இலங்கை 2017இல் சட்டம் போட்டு அதைத் தடைசெய்துவிட்டது. நம் விசைப்படகு அதை நம்பித்தான் ஓடுகிறது. படகு பிடிபட்டு, ஆள் மாதக்கணக்கில் அங்கே ஜெயிலில் இருந்தால் இங்கே ஒரு தெருவே படுத்துவிடும். அந்த வீட்டு அடுப்பையும் நான் பார்த்திருக்கிறேன். முதல் தடவை பெரியக்கா நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். ஐஸ் கம்பெனி என்றேன். கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “அப்ப எங்கட வலையை அறுத்த போட்டு, உங்கட ஐஸ் ஏத்தின போட்டாத்தான் இருக்கும்.”

எனக்குப் பதில் வரவில்லை. கணக்குப் பார்த்தால் இருக்கத்தான் செய்யும். கடலுக்குப் போகப் படகுகளுக்கு டோக்கன் கொடுக்கிற நாளெல்லாம் ஐஸ் ஏற்றினதுக்கு சீட்டு எழுதுவது நான்தான்.

அவர் சிரித்துவிட்டு இன்னொரு கரண்டி சொதி ஊற்றினார். எனக்குத்தான் அன்றைக்கு அது இறங்கவில்லை.

சின்னக்காவின் வாதத்துக்கும் ஓர் ஓட்டை உண்டு, அது அவர் மகள். மண்டபத்தில் பிறந்து, மண்டபத்தில் படித்து, பி.காம். முடித்த பெண். கடலுக்கு அந்தப் பக்கத்தை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் குடியுரிமை கிடையாது என்பதால் அரசாங்க வேலைக்கு மனுப்போட முடியாது. ராமநாதபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். 2021இல் அகதிகள் முகாம் என்ற பெயரை மாற்றி, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஆக்கினார்கள். உதவித்தொகையும் கூடியது: குடும்பத் தலைவருக்கு மாதம் 1500, மற்ற பெரியவர்களுக்கு 1000, பிள்ளைகளுக்கு 500. நல்லதுதான். “பேரை மாத்தினாங்க அண்ணே, பலகை புதுசா இருக்கு” என்றார் சின்னக்கா. அதற்கு மேல் அதைப்பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

பெரியக்காவின் மகன் கதை வேறு. அங்கே உயர்தரம் வரை, அதாவது நம் பிளஸ் டூ மாதிரி, படித்தான். பல்கலைக்கழகத்தில் காசு கேட்கமாட்டார்கள், ஆனால் இருக்கிற இடம் கொஞ்சம். வெட்டுப்புள்ளி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அதில் கொஞ்சத்தில் போனது. இங்கே வந்தால் கல்லூரிக்குப் பஞ்சமில்லை, ரோட்டுக்கு ரோடு இருக்கிறது. ஆனால் காசு வேண்டும், காகிதம் வேண்டும். பையன் இப்போது பெயின்ட் வேலைக்குப் போகிறான். இரண்டு நாட்டு வாதமும் அந்தப் பெயின்ட் வாளியில் வந்து முடிகிறது, அன்றைக்கு மட்டும் சகோதரிகள் இரண்டு பேரும் ஒரே கட்சி.

நடுவராக நான் என்ன தீர்ப்புச் சொன்னேன் என்று கேட்பீர்கள். நோயாளியாகவோ ரோட்டில் நடக்கிறவனாகவோ இருந்தால் எனக்கு அந்த நாடு. அரிசி, பருப்பு, போன் பில் கணக்குப் பார்க்கிறவனாக இருந்தால் இந்த நாடு. பேசாலையில் ஒரு பால் டீக்கு 120 ரூபாய் கொடுத்தேன், நம் காசுக்கு மாற்றினால் 33 சொச்சம், அதற்கு தங்கச்சிமடத்தில் இரண்டரை டீ குடிக்கலாம். இப்படிச் சொன்னதில் இரண்டு பேருக்குமே என் மேல் வருத்தம். அன்றைக்கு பிளேன்டீயோடு கருப்பட்டி வரவில்லை.

சரி, குறைகளையும் சொல்லவேண்டும். காபி கேட்காதீர்கள், அது அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் நல்லதில்லை. மத்தியானம் புரோட்டா போடுகிறார்கள், ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள் என்பதற்காக. மனசில்லாமல் போடுவது வாயில் வைத்ததும் தெரிகிறது. ராத்திரிக் கொத்து அந்த மிச்சப் புரோட்டாவில்தான், அதனால் சுமார். குடிதண்ணீரில் லேசாக உப்புக் கரிக்கும், பாட்டில் கொண்டுபோங்கள். மே மாதம் தகரக் கூரைக்கு அடியில் உட்கார முடியாது, வேப்ப மரத்தடியில் இடம் பிடியுங்கள். மேலே காக்கை உண்டு. மீன் அன்றன்றைக்கு வருவதுதான்: சூடை, காரல், முரல், அதிர்ஷ்டம் இருந்தால் விளமீன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் நாட்டுப்படகு மீனை வைத்து ஓட்டுகிறார்கள், அப்போது குழம்பு 80 ஆகிவிடும். சாம்பார் கிடையாது. சாம்பார் இல்லையா என்று கேட்டு எழுந்துபோகிற டூரிஸ்ட் குடும்பங்களை வாரம் ஒன்றாவது பார்க்கிறேன். ராமேஸ்வரம் போகிற வழியெல்லாம் சாம்பார்தானே, இங்கே ஒருவேளை விட்டால் என்ன?

காலை எட்டரைக்குள் போங்கள். ஒன்பது மணிக்கு இடியப்பம் தீர்ந்துவிடும். மாதத்தில் ஒருநாள் முகாமில் ஆள் எண்ணுகிற செக்கிங் இருக்கும், அன்றைக்குக் கடை திறக்க நேரமாகும்.

காசு கொடுக்கும்போது மட்டும் கவனம். கல்லாப் பக்கத்துச் சுவரில் கட்டம் கட்டமான இரண்டு கியூஆர் அட்டை மாட்டியிருக்கும். இடப்பக்கம் இருப்பதை ஸ்கேன் செய்தால் பணம் போகும். இடத்துக்காரர் பெயர் வரும், பயப்பட வேண்டாம். வலப்பக்கம் லேமினேட் செய்து ஓரம் மஞ்சளடித்துப்போன அட்டையை ஸ்கேன் செய்துவிட்டுச் சிலர் ‘சர்வர் இல்லை’ என்று நிற்கிறார்கள். அது பெரியக்கா கடலில் நனையாமல் பாலிதீன் சுற்றிக் கொண்டுவந்தது. 2022இல் மன்னார் பெட்ரோல் பங்கில் அதைக் காட்டினால் அவர் வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நாலு லிட்டர் ஊற்றுவார்கள்.